முந்துகிற மணிக்கூடு

ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை வயலின்.
சட்டம் என்னுடையது.
போனைப் பார்க்கக் கூடாது,
சுவர் மணிக்கூடுதான் சாட்சி என்பதும் என்னுடையதே.

சுதேஸ்கரன் சொல்லுவார்:
"விடுமப்பா, விருப்பம் இருந்தால் தானா வரும்."
இந்த வீட்டில் தானா வந்தது என்று
நான் கண்டது கறையானை மட்டும்.

யதுர்ஷிக்குப் பத்து வயது.
ஒரு காலை நீட்டி வயலினை இடுக்கியிருப்பாள்,
குளிக்க மாட்டேன் என்கிற பூனையைப் பிடித்ததுபோல.
ஜண்டை வரிசையில் மூன்றாவது.
குசினியில் சூடை மீன் துப்புரவாக்கியபடி
விரல் வழுக்குகிற இடங்களை நான் எண்ணுவேன்.

ஒரு வியாழன்.
ஆறேகால் ஆயிற்று, வில் பெட்டிக்குள் போயிற்று.
பிறகுதான் காளி கோயிலில்
ஆறு மணிப் பூசைக்கு மணி அடித்தது.
காளி பிந்துகிறவள் அல்ல.
சுவரோரம் இழுபட்டிருந்த கதிரையை
நான் மேசையடிக்குத் தள்ளினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க எனக்கு வாயில்லை.
அந்தக் கிழமைதான் ஸ்கூட்டி பழகத் தொடங்கியிருந்தேன்.
ஆஸ்பத்திரி லாப்பில் இரவு முறை என்றால்
உப்புவெளிவரை ஓட்டோக்காசு கட்டாது.
"காலை ஆறிலிருந்து ஆறரை. மைதானம்.
ஒரு நாளும் தவறக் கூடாது."
சொன்னது யார்?
தானா வரும் என்ற அதே வாய்.

முதல் நாள் சப்பாத்து கிடைக்கவில்லை.
இரண்டாம் நாள் தலையிடி.
அது பொய்யில்லை,
ஆறு அடிக்க உண்மையாகவே வந்தது.
மூன்றாம் நாள்
அதே கதிரையில் நான் ஏறினேன்.
பத்து நிமிடம். பத்தே பத்து.

ஞாயிறு காலை, புட்டுக்கு முன்னால் இருந்து அவர் சொன்னார்:
"மூன்று நாளாய் வேலைக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்கிறன்.
பற்றறி சாகிற மணிக்கூடு பிந்தும்.
இது இருபத்தைந்து நிமிடம் முந்துது."
யதுர்ஷி புட்டைக் கிளறினாள்.
நான் சொதி விட்டேன்,
கோப்பை நிரம்பிய பிறகும் விட்டேன்.
துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கிற மனிசன்.
இருபத்தைந்தைப் பதினைந்தும் பத்துமாய்ப் பிரிக்க
அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.
சிரிக்கவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு ஒழுங்காகப் போனேன்,
ஒழுங்காக என்றால், ஏசிக்கொண்டு.
நேற்று வளைவில் ஒரு புள்ளிமான்.
இந்த ஊர் மான்களுக்குத்தான் வீதி ஒழுங்கு ஏது,
பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு
நடு மைதானத்தில் நின்றது.
யோசிக்க நேரமில்லை.
கை பிரேக்கைப் பிடித்தது, கால் ஊன்றிற்று,
தானா.

அந்தத் தானாவைப் பிரித்துப் பார்த்தால்
உள்ளே பத்தொன்பது ஆறு மணிகள்,
ஒரு தலையிடி, ஒரு உடைந்த பக்கக் கண்ணாடி.
இதை அவருக்குச் சொல்லப்போவதில்லை.
பிள்ளைக்கும்தான்.
சொன்னால் நான் வென்றவளாகிவிடுவேன்,
பிறகு ஐந்தரையை யாராலும் அசைக்க முடியாது.

இன்று மணிக்கூடு சரியான நேரம் காட்டியது.
ஐந்தரைக்கு நான் வாய் திறக்கவில்லை.
அவள் தரையில் படுத்து
பென்சில் முனையில் பெயின்ற் உரித்தாள்.
ஐந்து ஐம்பது. என் நாக்குக் கடித்த இடம் நொந்தது.
காளி கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

ஆறு ஐந்துக்கு எழும்பினாள்.
மூன்றாவது வரிசை, அதிலும் அந்த ஒரு திருப்பம் மட்டும்,
ஏழு தரம்.
ஆறாவதில் விரல் சரியாய் வந்து இருந்தது.
ஏழாவதில் திரும்ப வழுக்கிற்று.
வில்லைத் தளர்த்தி, பெட்டியை மூடினாள்.
பதினொரு நிமிடம்.
நாற்பத்தைந்தில் இது நட்டமா,
எனக்குக் கணக்கு வரவில்லை.

"நாளைக்கும் ஐந்தரையா அம்மா?"

"தெரியாது.
அந்தக் கதிரையை மட்டும் உள்ளே கொண்டுபோய் வை."